அறல் படிந்த கரை

நுழையும்முன்

ஆலையும் புகைபோக்கியும் கண்ணில் படாத இடத்திலும் தொழில் வரலாறு உண்டு. குமரி மாவட்டத்தின் வள்ளியாற்றங்கரையில் ஒரு குடும்பம் காலைநடை செல்கிறது. காலடியில் கிடக்கும் கருமணல் அவர்களைக் கயிற்றுத் தொழிலுக்கும், ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகளுக்கும், அணு ஆய்வுக்கும் அழைத்துச் செல்கிறது. அந்நடையை விவரிக்கிறது இவ்வுரைநடைப் பகுதி.

இராஜாக்கமங்கலத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டின் ஆணியில் ஒரு கயிற்றுச் சுருள் தொங்குகிறது. என் அம்மா தம் கையால் திரித்த கயிறு அது. கிணற்றில் மோட்டார் பொருத்தியபின் அதற்கு வேலை இல்லை. எனினும் அதைத் தூக்கியெறிய அம்மா இசைந்ததில்லை. பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஒருநாள் அங்கே அமர்ந்து புவியியல் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். மணவாளக்குறிச்சி என்னும் பெயரைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"பாட்டி, உங்க ஊருல மோனசைட் கிடைக்குமாமே, பாத்திருக்கீங்களா?"

"அது என்ன பண்டம் மக்களே?"

"கடற்கரைக் கறுப்பு மண்ணுல கலந்து கிடக்குமாம். உலகம் பூரா தேடுற பொருளாம்."

அம்மா சிரித்தார். "கறுத்த மண்ணா? அதை எங்க அம்மை தலையில சொமந்திருக்காளே."

அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. அத்தனை ஆண்டுகளில் அவர் இச்செய்தியை எங்களிடம் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் அம்மா, என் மனைவி, மகள், நான்காம் வகுப்புப் படிக்கும் மகன் ஆகிய ஐவரும் அம்மண்டிவிளை வழியாக வள்ளியாற்றங்கரைக்குச் சென்றோம். அது அம்மா பிறந்து வளர்ந்த கரை.

ஆறும் அதன் சுமையும்

வள்ளியாறு நெடிய ஆறு அன்று. வேளிமலையில் தோன்றித் தூவலாற்றைத் துணைகொண்டு, பத்மநாபபுரம் புத்தனாறு முதலான கால்வாய்களின் வடிநீரையும் ஏற்று, மணவாளக்குறிச்சிக்கும் கடியப்பட்டினத்துக்கும் இடையே அரபிக்கடலில் கலக்கிறது. குறிஞ்சியில் பிறந்து மருதத்தில் நடந்து நெய்தலில் முடியும் ஓர் ஆற்றின் வாழ்வை இங்கு ஒரே பகலில் கண்டுவிடலாம். பழந்தமிழர் வகுத்த திணைகள் குமரி மாவட்டத்தில் அவ்வளவு நெருங்கிக் கிடக்கின்றன.

தை மாதக் காலை. வயலில் பனி உலரவில்லை. வாழைத் தோட்டங்களையும் தென்னந்தோப்புகளையும் கடந்து தெற்கு நோக்கி நடந்தோம். பேரனின் தோளைப் பற்றியபடி அம்மா முன்னே நடந்தார். ஒரு வளைவில் ஆறு அகன்று தேங்கியிருந்த இடத்தில் நின்று, தம் கைக்கோலால் நீரைச் சுட்டினார்.

"இந்த இடம் பூரா கதம்பைக் குழி. மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் போணும்."

கதம்பை என்பது தேங்காயின் மேல்மட்டை. கயிற்றுத் தொழிலின் தொடக்கம் இதுவே. தேங்காயிலிருந்து உரித்த கதம்பையை ஆற்றோரக் குழிகளிலும் உப்பும் நன்னீரும் கலக்கும் பொழிமுகங்களிலும் அமிழ்த்துவார்கள். மிதந்து எழாதபடி அதன்மேல் தென்னோலையும் சேறும் மணலும் போட்டு அழுத்துவார்கள். ஆறு முதல் பத்து மாதம் வரை அது நீரில் ஊறவேண்டும். நீரிலுள்ள நுண்ணுயிர்கள் நாரைப் பிணைத்திருக்கும் சோற்றை மெல்ல மெல்லச் சிதைக்கும். அழுகிய முட்டையை ஒத்த அந்த நாற்றம் அப்போது எழும் ஹைட்ரஜன் சல்பைடு வளியால் உண்டாவது. ஊறிய கதம்பையை எடுத்துத் தோலைக் களைந்து, கட்டையில் வைத்து மரத்தடியால் அடித்தால் தும்பு பிரியும். தும்பை அலசி உலர்த்தி, உள்ளங்கையாலோ ராட்டினாலோ திரித்தால் கயிறு. ஆங்கிலத்தில் 'காயர்' என வழங்கும் சொல், நம் 'கயிறு' என்பதற்கு இனமான மலையாளக் 'கயர்' என்பதிலிருந்து சென்றது.

இடுப்பளவு நீரில் நின்று கதம்பையை அள்ளியவர்களும், குந்தியமர்ந்து அடித்தவர்களும், பின்னோக்கி நடந்தபடியே திரித்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. அம்மா தம் பத்தாவது வயதில் இவ்வேலைக்கு வந்தவர். திருமணமாகி இராஜாக்கமங்கலம் வந்தபின்னும் துறையருகே இதே வேலையைத் தொடர்ந்தார். "ஒரு நாளைக்கு எத்தனை முழம் திரிச்சேன்னு கணக்கு உண்டு. எத்தனை மைல் பின்னால நடந்தேன்னு கணக்கு கிடையாது" என்றார். என் மகள் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

கயிற்றில் ஒட்டிச் சென்ற செய்தி

பொழிமுகத்தை நெருங்கியபோது ஆறு கடலைத் தொடாமல் ஒரு மணல்திட்டின் பின்னே தயங்கி நின்றது. திட்டின் அப்பால் அலையோசை. கிழக்கே கடியப்பட்டினத்தின் கட்டுமரங்களும் படகுகளும்; அதற்கும் அப்பால் முட்டத்தின் பாறைகள். மேற்கே சின்னவிளை, பெரியவிளைக் கடற்கரை. நடுவே, வெளிறிய மணற்பரப்பில் யாரோ மைதீட்டியதுபோல் வரிவரியாகக் கருமணல்.

இக்கருமணலுக்குப் பழந்தமிழில் அறல் என்று பெயர். நீர் அரித்துச் சென்றபின் எஞ்சும் நெளிந்த மணல்வரிகளையும் அச்சொல் குறிக்கும். சங்கப் புலவர்கள் மகளிரின் நெளிந்த கூந்தலுக்கு அறலை உவமையாக்கினர். மிக நுண்ணிய மணலுக்கு அயிர் என்றும், அலை குவித்த மணல்மேட்டுக்கு எக்கர் என்றும் தனித்தனிப் பெயர்கள் வழங்கினர். மணலை இவ்வளவு கூர்ந்து பார்த்த மொழி நம்முடையது. ஆனால் அறலுக்குள் என்ன இருக்கிறது என்பதை உலகுக்குத் தெரிவித்தவர் இக்கரையில் பிறந்தவர் அல்லர்.

1909ஆம் ஆண்டு. ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணல்துகள்களைக் கண்டு ஆராய்ந்தார் என்றும், அவற்றில் மோனசைட் இருப்பதை அறிந்து அம்மணலின் பிறப்பிடத்தைத் தேடி இக்கடற்கரைக்கு வந்தார் என்றும் சொல்லப்படுகிறது. கதம்பையை அமிழ்த்தப் போட்ட மணல், தும்பில் ஒட்டி, கயிற்றில் முறுக்குண்டு, கப்பலேறிச் சென்றிருக்கிறது. தொடர்ந்து மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை எழுந்தது. இந்தியாவின் கடற்கரைக் கனிமத் தொழில் இங்குதான் தொடங்கியது.

ஒரு ஜெர்மானியர் மணலைத் தேடி இவ்வளவு தொலைவு வரவேண்டிய தேவை என்ன? விடை, அக்கால ஐரோப்பாவின் இரவுகளில் இருக்கிறது. மின்விளக்கு பரவாத காலம் அது. நகரத் தெருக்களும் வீடுகளும் எரிவாயு விளக்கால் ஒளிபெற்றன. வாயுச்சுடர் தன்னளவில் மங்கலானது. அதன்மேல் தோரியம் ஆக்சைடும் சிறிது சீரியம் ஆக்சைடும் கொண்ட வலைக்கூடு ஒன்றைக் கவிழ்த்தால் அது வெண்சுடராய் ஒளிரும். அக்கூட்டுக்குத் தேவையான தோரியம் மோனசைட்டிலிருந்து கிடைத்தது. அதுவரை அம்மணலுக்குப் பிரேசிலையே ஜெர்மனி பெரிதும் நம்பியிருந்தது. பிரேசில் மணலைக் காட்டிலும் நம் கரையின் மோனசைட்டில் தோரியம் மிகுதி.

நம் ஊர்த் திருவிழாக்களிலும் திருமண ஊர்வலங்களிலும் ஒருகாலத்தில் தலையில் ஏந்திச் சென்ற பெட்ரோமாக்ஸ் விளக்கை உங்கள் தாத்தா பாட்டியர் அறிவர். அதன் 'மேண்டில்' இவ்வகைக் கூடுதான். எரிந்தபின் தொட்டால் உதிர்ந்துவிடும் அந்தச் சாம்பல் பை, மணலின் மறுபிறவி.

தெரியுமா?

எரிவாயு விளக்கின் ஒளிக்கூட்டை உருவாக்கியவர் ஆஸ்திரிய வேதியியலர் கார்ல் அவுர் ஃபான் வெல்ஸ்பாக். 1885இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1891இல் 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடும் 1 விழுக்காடு சீரியம் ஆக்சைடும் கலந்து அதைச் செம்மைப்படுத்தினார். 1885இல் நியோடிமியம் என்னும் தனிமத்தைப் பிரித்தறிந்தவரும் அவரே. மோனசைட்டில் தோரியத்துடன் சீரியம், லாந்தனம், நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்களும் உள்ளன.

சிரட்டையும் காந்தமும்

மகள் ஒரு சிரட்டையில் மணலை அள்ளி, ஆற்றுநீர் விட்டுச் சுழற்றினாள். வெண்மணல் நீரோடு வழிந்து வெளியேற, அடியில் கருமை தங்கியது. ஒரே பருமனுள்ள நீரைவிடப் படிகக்கல் மணல் ஏறத்தாழ 2.65 மடங்கு எடை கொண்டது. இல்மனைட் ஏறத்தாழ 4.7 மடங்கு, மோனசைட் 5 மடங்கு. கடலும் இதையேதான் பெரிய சிரட்டையில் செய்கிறது. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மூத்த மலைப்பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைய, துகள்களை ஆறுகள் கடலுக்குக் கொணர்கின்றன. ஆனி, ஆடி மாதங்களின் பேரலைகள் எடை குறைந்த மணலை இழுத்துச் சென்று, எடை மிகுந்ததைக் கரையிலேயே விட்டுவிடுகின்றன. கருமணலைச் சேர்த்து வைப்பது தென்மேற்குப் பருவக்காற்று என்று சொல்வதில் தவறில்லை.

பழுதான கணினி வன்தட்டிலிருந்து கழற்றிய சிறு காந்தத்தை மகள் ஒரு தாளில் சுற்றிக் கொணர்ந்திருந்தாள். உலர்ந்த கருமணலின்மேல் அதைப் பிடித்ததும் துகள்கள் முள்ளம்பன்றியின் மயிர்போல் சிலிர்த்து எழுந்து ஒட்டின. பெரும்பாலும் இல்மனைட். ஆலையிலும் அடிப்படை இதுதான். எடை வேறுபாட்டால் முதலில் பிரிப்பார்கள். பின்னர், காந்தத்தால் ஈர்க்கப்படுவது எது, மின்சாரத்தைக் கடத்துவது எது என்னும் இரு கேள்விகளால் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், மோனசைட் என வகைப்படுத்துவார்கள். அந்தச் சிறு காந்தத்திலும் நியோடிமியம் இருக்கிறது. மணலின் உறவு ஒன்றே மணலை இழுத்தது. இதைச் சொன்னபோது மகன் காந்தத்தை முகர்ந்து பார்த்தான். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

சிறிது மணலைப் புட்டியில் எடுத்துச் செல்ல மகள் விரும்பினாள். வேண்டாம் என்றேன். மோனசைட் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். சிரட்டை மணலை அலையிலேயே கொட்டினாள்.

தலைச்சுமை

1914இல் முதல் உலகப்போர் மூண்டதும் இம்மணல் தொழில் ஜெர்மானியர் கையிலிருந்து பிரித்தானியர் கைக்கு மாறியது. போருக்குப்பின் மின்விளக்குப் பரவ, ஒளிக்கூட்டின் தேவை சரிந்தது. மணல் தொழில் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதுவரை பொருட்படுத்தப்படாத இல்மனைட்டுக்கு 1920களில் புதுவாழ்வு கிடைத்தது. கன்னங்கரிய இல்மனைட்டிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு, உலகின் தூய வெண்ணிறப் பூச்சுகளுள் ஒன்று. 1930களில் உலகுக்குத் தேவையான இல்மனைட்டின் பெரும்பகுதி திருவிதாங்கூர்க் கரையிலிருந்தே சென்றது. எங்கோ ஒரு நாட்டின் வெள்ளைச் சுவரில் நம் கறுப்பு மண் பூசப்பட்டிருக்கிறது.

அம்மாவைப் பெற்ற பாட்டி மணல் சுமந்தது அந்த ஆண்டுகளில்தான். கரையில் வாரிக் குவித்த ஈரமணலைப் பனையோலைக் கடவத்தில் நிரப்பிக் கிடங்குக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சும்மாட்டைத் தாண்டி நீர் முகத்தில் வழியும். "எதுக்குன்னு கேட்டா, கப்பலுக்குப் போற மண்ணுன்னு சொல்லுவாளாம். அதுக்கு மேல அவளுக்கும் தெரியாது" என்றார் அம்மா. நான் படித்த எந்த நூலிலும் அப்பெண்களின் பெயர் இல்லை. ஷோம்பெர்க்கின் பெயர் எல்லாவற்றிலும் இருக்கிறது.

1945இல் ஜப்பானின்மீது அணுகுண்டுகள் விழுந்தபின் தோரியம் வேறு பொருள்பெற்றது. விளக்கொளிக்கு உதவிய தனிமத்தை அணு உலைக்கும் பயன்படுத்தலாம் என்று வல்லரசுகள் கணக்கிட்டன. 1947இல் திருவிதாங்கூரைத் தனிநாடாக்கத் திவான் சி.பி. இராமசாமி முனைந்தபோது அவருக்கிருந்த துணிவில் இம்மணலுக்கும் பங்கு உண்டு. விடுதலைக்குப்பின், 1950 ஆகஸ்டு 18 அன்று இந்திய அருமணல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது. 1965இல் மணவாளக்குறிச்சி ஆலையும் அந்நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது. தோரியத்தை மின்னாற்றலாக மாற்றும் நெடுந்திட்டத்தை வகுத்தவர் ஹோமி பாபா. தோரியத்திலிருந்து பெறும் யுரேனியம்-233ஐ எரிபொருளாகக் கொண்ட 'காமினி' என்னும் சிறிய ஆய்வு உலை 1996 முதல் நம் கல்பாக்கத்தில் உள்ளது.

இவற்றையெல்லாம் மகள் தன் பாட்டிக்கு எளிய சொற்களில் எடுத்துரைத்தாள். தோரியம் கதிர்வீச்சு உடையது என்பதையும், அதன் பாதி சிதையவே 1,400 கோடி ஆண்டுகள் ஆகும் என்பதையும் வியப்புடன் சொன்னாள். அம்மா வியக்கவில்லை. நெடுநேரம் கடலைப் பார்த்திருந்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"எங்க அம்மை நாப்பது வயசுல இருமி இருமிச் செத்தா. இந்த மண்ணாலயா மக்கா?"

ஒரு கணம் அலையோசை மட்டுமே கேட்டது. இக்கேள்விக்கு விடை சொல்ல நான் எந்தப் பாடத்திலும் பயிலவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். இதேபோன்ற மணல் கொண்ட கேரளத்தின் கருநாகப்பள்ளிப் பகுதியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். 2009இல் வெளியான அவ்வாய்வு, மண்ணின் இயற்கைக் கதிர்வீச்சால் அங்கு புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றது. ஆனால் அது அம்மண்ணில் குடியிருப்பவர்களைப் பற்றியது. கடற்கரையில் வாழ்வது வேறு. உலர்ந்த மணலின் தூசியை நாள்தோறும் சுவாசித்து உழைப்பது வேறு. தூசியிலிருந்து தொழிலாளரைக் காக்கும் முகமூடியும் கதிர்வீச்சு அளவியும் அம்மாவின் தாய் உழைத்த காலத்தில் இல்லை. காசநோய்க்கு மருந்தும் அப்போது எளிதில் கிடைத்ததில்லை. பத்து மாதம் அழுகிய நீரில் நின்ற கால்களும், அரைவயிற்றுக் கஞ்சியும்கூட ஒருவரை இளமையில் சாய்க்கப் போதுமானவை.

"அப்ப மண்ணுன்னும் சொல்ல முடியாது, மண்ணு இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார் அம்மா.

"ஆமா அம்மா."

கடற்கரை ஊர்களில் இன்றும் இக்கேள்வி ஓயவில்லை. மணல் எடுக்கப்பட்டால் கடல் உள்ளே வருமோ, நோய் பெருகுமோ என்று அஞ்சுவோர் உள்ளனர். கதிர்வீச்சுள்ள கனிமத்தை நீக்கியபின் நிரப்பும் மணலில் கதிர்வீச்சு குறைகிறது என்று அறிவியலர் விளக்குகின்றனர். ஆலைவேலையால் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்களும் இங்கு உண்டு. ஒரே தெருவில், சில வேளை ஒரே வீட்டில், இம்மூன்று கருத்துகளும் வாழ்கின்றன. எண்களைக் கேட்டறியும் உரிமை அத்தெருவினர்க்கு முதலில் உண்டு என்பது என் எண்ணம்.

திரும்பும் வழியில் மகன் களைத்துவிட்டான். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயைப் பற்றி அவனுக்குக் கதை சொல்லி நடத்தினேன். திருவனந்தபுரத்தையும் குமரிமுனையையும் நீர்வழியால் இணைக்க 1860இல் தொடங்கிய பணி அது. இறைவன், பேரரசி, மன்னர் என மூவர் பெயரைச் சுமந்தும் குமரிமுனையை எட்டவில்லை. மணலுக்கு முன் மன்னரும் தோற்றார் என்றதும் அவன் மகிழ்ந்து நடந்தான்.

வீடு சேர்ந்ததும் மகள் நேரே பின்கட்டுக்குச் சென்றாள். ஆணியிலிருந்த கயிற்றை இறக்கி, ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் கயிற்றின் புரிகளை மெல்லப் பிரித்து உதறினாள். ஐம்பது ஆண்டுத் தூசியும் தும்பும் உதிர்ந்தன. அவற்றினூடே கரிய புள்ளிகளாய் ஏழெட்டுத் துகள்கள். காந்தத்தைத் தாளின் அடியில் வைத்து நகர்த்தினாள். நான்கு துகள்கள் அசைந்து அதன் பின்னே ஊர்ந்தன.

அம்மா குனிந்து பார்த்தார். பிரிந்த புரிகளை மடியில் எடுத்துவைத்து, உள்ளங்கையில் உருட்டி மீண்டும் முறுக்கத் தொடங்கினார். துடைப்பத்துடன் வந்த என் மனைவியை நோக்கி, "அதைத் தூத்துப் போட்டிராத மக்களே, கொஞ்ச நேரம் கெடக்கட்டும்" என்றார்.